184 கிலோமீட்டர்: திருச்சிக்கும் பலாலிக்கும் நடுவே

(திருச்சியில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மூன்று எண்களைச் சொல்லித் தொடங்குகிறேன். திருச்சி விமான நிலையத்திலிருந்து சென்னை விமான நிலையம் வான்வழியில் 293 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து கொழும்பின் கட்டுநாயக்கா 290 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து பலாலி 184 கிலோமீட்டர். மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். திருச்சிக்குத் தன் மாநிலத் தலைநகரைவிட யாழ்ப்பாணம் பக்கம். யாழ்ப்பாணத்துக்குத் தன் நாட்டின் பெரிய விமான நிலையத்தைவிடத் திருச்சி பக்கம். அதுவும் கொஞ்ச நஞ்சமல்ல, இரண்டு பக்கமும் நூறு கிலோமீட்டருக்கு மேல் பக்கம்.

இவ்வளவு பக்கத்தில் இருக்கும் இரண்டு ஊர்களுக்கு நடுவே போய்வர ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் இன்றைக்கு நான் பேச வந்த விஷயம்.

முதலில் 184 என்ற எண் எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம். மாணவர்கள் வீட்டுக்குப் போய்ச் சரிபார்க்கலாம். திருச்சி ஓடுபாதை வட அட்சம் 10.77, கிழக்குத் தீர்க்கம் 78.71. பலாலி வட அட்சம் 9.79, கிழக்குத் தீர்க்கம் 80.07. தெற்கு நோக்கி ஒரு பாகைக்கும் சற்றுக் குறைவாக இறங்குகிறோம், அது 108 கிலோமீட்டர். கிழக்கு நோக்கி 1.36 பாகை நகர்கிறோம். நம் அட்சத்தில் ஒரு தீர்க்கப் பாகை ஏறக்குறைய 109.5 கிலோமீட்டர் என்பதால் அது 149 கிலோமீட்டர். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 184. பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றம் போதும்.

பூமி உருண்டை அல்லவா, தட்டையான கணக்கு செல்லுமா என்று யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. பூகோள உருண்டையின் மேல் இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது எந்த வழியில் படிகிறதோ அதுதான் மிகக் குறுகிய வழி, பெருவட்டப் பாதை. டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போகிற விமானம் வடதுருவத்தை நோக்கி வளைந்து போவதுபோல் வரைபடத்தில் தெரிவது அதனால்தான். ஆனால் 184 கிலோமீட்டருக்குள் பூமியின் வளைவு செய்கிற வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதல்ல. ஆகவே நம் கணக்கு நிற்கும். விமானிகள் இதையே 99 கடல்மைல் என்பார்கள். ஒரு கடல்மைல் 1,852 மீட்டர், அதாவது அட்சரேகையில் ஒரு கலை.

இந்தக் கோடு எதன் மேல் போகிறது என்று வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். திருச்சியிலிருந்து தென்கிழக்காகக் கிளம்பி, கந்தர்வகோட்டைக்குக் கொஞ்சம் தெற்கே போய், பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவே தென்னந்தோப்புகளைத் தாண்டி, மல்லிப்பட்டினத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் இடையில் கரையை விட்டுக் கடலுக்குள் இறங்குகிறது. அதுவரை 87 கிலோமீட்டர் ஆகிறது. மிச்சம் 97 கிலோமீட்டர் பாக் நீரிணை. நிலம் பாதி, கடல் பாதி. இந்தத் தடத்தில் பறக்கிற ஏடிஆர் விமானத்துக்கு இறக்கை உடலுக்கு மேலே இருக்கிறது. ஆகவே எந்த ஜன்னலில் உட்கார்ந்தாலும் கீழே தடையில்லாமல் தெரியும். ஆழமில்லாத அந்தக் கடல் பச்சையும் நீலமுமாகத் திட்டுத்திட்டாக நிறம் மாறும். அதன்பின் பனைகள் வரும். பனைகளுக்கு நடுவே, பலாலியைச் சுற்றியுள்ள வலிகாமத்தின் செம்மண். தோட்டங்கள் சதுரம் சதுரமாகச் சிவந்து கிடக்கும். கரையைத் தாண்டியவுடன் ஓடுபாதை வந்துவிடும்.

ஏடிஆர் 72 மணிக்கு 510 கிலோமீட்டர் வேகத்தில் பறக்க வல்லது. 184ஐ 510ஆல் வகுத்தால் 22 நிமிடம் கூட முழுசாக இல்லை. ஆனால் 2025 மார்ச் 30 அன்று இண்டிகோ இந்தத் தடத்தைத் தொடங்கியபோது அட்டவணையில் ஒதுக்கியது ஏறக்குறைய ஒரு மணி நேரம். மீதி நிமிடங்கள் எங்கே போயின? இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அந்த நிமிடங்கள் ஒவ்வொன்றுக்கும் கணக்கு இருக்கிறது.

மணிக்கு 510 என்பது விமானம் உயரத்துக்குப் போய், சமமட்டத்தில் பறக்கும்போது எட்டுகிற வேகம். பதினையாயிரம் அடிக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு உயரம் ஏறப் பன்னிரண்டு பதின்மூன்று நிமிடம் பிடிக்கும். அதற்குள் நாற்பது கடல்மைல் கடந்துவிடும். இறங்குவதற்கு விமானிகள் ஒரு மனக்கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஆயிரம் அடி இறங்க மூன்று கடல்மைல். பதினையாயிரம் அடிக்கு நாற்பத்தைந்து, வேகத்தைக் குறைக்க இன்னும் ஐந்து, ஆக ஐம்பது கடல்மைல். நாற்பதும் ஐம்பதும் தொண்ணூறு. மொத்தத் தூரமே தொண்ணூற்றொன்பது. சமமட்டத்தில், முழு வேகத்தில் பறக்க மிஞ்சுவது ஒன்பது கடல்மைல், நேரத்தில் இரண்டு நிமிடம்! பட்டுக்கோட்டைச் சீமையைத் தாண்டும்போது ஏறிக்கொண்டிருக்கிற விமானம் கடலுக்கு மேல் போனதும் இறங்கத் தொடங்கிவிடுகிறது. இந்த விமானத்தின் வேகம் என்று விளம்பரத்தில் போடுகிற எண், இந்தத் தடத்தில் இரண்டு நிமிடத்துக்கு மட்டுமே உண்மை.

அடுத்தது காற்று. திருச்சிக்காரர்களுக்கு ஆடிக்காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து மேற்கிலிருந்து அடிக்கிற காற்று அது. விமானம் கூடியவரை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், எதிர்த்துத்தான் இறங்கும். நம் ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. கிழக்கு முகத்துக்கு 09, மேற்கு முகத்துக்கு 27 என்று எண் எழுதியிருப்பார்கள். திசைகாட்டியின் 90 பாகை, 270 பாகையின் சுருக்கம் அது. ஆடி மாதத்தில் பலாலிக்குப் போகிற விமானம் மேற்கே பார்த்து எழும்பி, அப்புறம் அரை வட்டம் அடித்துத் தென்கிழக்குக்குத் திரும்ப வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும்போது நேரே கிழக்கே எழும்பி, கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தால் போதும். பலாலியின் ஓடுபாதை வடகிழக்கும் தென்மேற்குமாகக் கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் இறங்க வேண்டுமானால் வடமேற்கிலிருந்து வருகிற விமானம் சுற்றிக்கொண்டு கடல் பக்கமாக வடகிழக்குக்குப் போய் அங்கிருந்து உள்ளே வர வேண்டும். ஆயிரம் மைல் பறக்கிற விமானத்துக்கு இந்தச் சுற்று ஒரு பொருட்டல்ல. தொண்ணூற்றொன்பது கடல்மைல் பறக்கிற விமானத்துக்கு இது பெரிய பங்கு.

இன்னொன்று, அட்டவணையில் இருப்பது பறக்கும் நேரமே அல்ல. விமானம் நிற்கும்போது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்திருப்பார்கள். அந்தக் கட்டையை எடுக்கிற நொடியிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கிற நொடி வரைக்குமான நேரத்தைத்தான் துறைக்காரர்கள் பிளாக் டைம் என்கிறார்கள். ஓடுபாதை முனைக்கு ஊர்ந்து போவது, இன்னொரு விமானம் இறங்கக் காத்திருப்பது, சென்னைக் கட்டுப்பாட்டு அறை கொழும்புக் கட்டுப்பாட்டு அறையிடம் ஒப்படைப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். தாமதத்துக்கென்று கொஞ்சம் இடமும் விட்டு வைப்பார்கள். கட்டையிலிருந்து கட்டை வரை ஒரு மணி என்றால், சக்கரம் தரையை விட்டுத் தரையைத் தொடுகிற நேரம் முப்பத்தைந்து, நாற்பது நிமிடம் இருக்கலாம்.

நல்லவேளையாக இந்தத் தடத்தில் கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. இரண்டு நாடுகளும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. இடையில் சில ஆண்டுகள் அப்படி இருக்கவில்லை. 1996 மே மாதம் இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்னே வந்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்கே திரும்பியது.

இதுவரை சொன்னது இயற்பியல். இனிச் சொல்லப்போவது மனிதர்கள் செய்தது.

பலாலி இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை அமைத்த தளம். 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் பயணிகள் விமானம் கொழும்புக்கு அருகே இரத்மலானையிலிருந்து கிளம்பி, பலாலியில் இறங்கி, சென்னைக்கு வந்தது. டகோட்டா விமானம், அதற்கு சீதாதேவி என்று பெயர் வைத்திருந்தார்கள். இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதம் முந்திய நிகழ்ச்சி இது. அந்த நாட்டின் விமான நிறுவனம் தன் முதல் பயணத்திலேயே யாழ்ப்பாணத்தையும் தமிழ்நாட்டையும் ஒரே நூலில் கோத்திருக்கிறது. இந்தச் செய்தியை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

பிறகு இலங்கையில் உள்நாட்டுப் போர் வந்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் வீட்டையும் காணியையும் விட்டு வெளியேறினார்கள். பலாலியைச் சுற்றிய நிலம் உயர் பாதுகாப்பு வலயமானது. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கொழும்புக்குக் கிளம்பிய லயன் ஏர் விமானம் மன்னார்க் கடலில் விழுந்தது. அதில் இருந்த 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்து பலாலிக்குப் பயணிகள் விமானம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

2009இல் போர் முடிந்த பிறகும் வழி உடனே திறக்கவில்லை. திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போக நினைத்தவர் என்ன செய்தார்? 417 கிலோமீட்டர் பறந்து கட்டுநாயக்காவில் இறங்கினார். அங்கிருந்து 400 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தரைவழியே வடக்கே திரும்பி வந்தார். ஆக ஏறக்குறைய எண்ணூறு கிலோமீட்டர். உண்மையான தூரத்தைப்போல் நான்கு மடங்கைத் தாண்டுகிறது! ஒரு பகல், ஓர் இரவு அதில் போகும். அண்ணன் மகள் கல்யாணத்துக்கும் தாய்மாமன் சாவுக்கும் இப்படித்தான் போய்வந்தார்கள். சாவுக்குப் போனவர்களில் பலர் முகம் பார்க்கக் கிடைக்காமல் திரும்பினார்கள்.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11 அன்று சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் சேவை தொடங்கியது. நாலே மாதத்தில் கொரோனா வந்து நிறுத்தியது. 2022 டிசம்பர் 12 அன்று மறுபடி தொடங்கினார்கள். திருச்சிக்கு நேர் விமானம் கிடைக்க 2025 வரை ஆயிற்று. தூரம் இந்த எண்பது ஆண்டுகளில் ஓர் அங்குலம்கூட மாறவில்லை. பயண நேரம் மாறியதெல்லாம் நாடுகளின் முடிவுகளால்.

இப்போது வழி திறந்திருக்கிறது. ஆனால் வாசல் முதல் வாசல் வரை கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு அரை மணி. வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். கட்டைக்குக் கட்டை ஒரு மணி. இறங்கிய பிறகு குடிவரவு, பயணப்பொதி, சுங்கம் எல்லாம் சேர்த்து முக்கால் மணி. பலாலியிலிருந்து யாழ் நகரம் பதினேழு கிலோமீட்டர் போல, வாகனம் பிடித்துப் போக இன்னொரு முக்கால் மணி. ஆறு மணி நேரம் ஆகிவிட்டது. அந்த ஆறு மணியில் நாம் காற்றில் இருந்தது நாற்பது நிமிடம். 184 கிலோமீட்டரை ஆறு மணியால் வகுத்தால், மணிக்கு முப்பது கிலோமீட்டர்!

ஒரு விமான நிலைய வரிசையில் எனக்கு முன்னால் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா நின்றிருந்தார். கண் வைத்தியத்துக்கு வந்து திரும்புகிறவர். ஒரு கண்ணில் கறுப்புக் கண்ணாடிக்குள் பஞ்சு ஒட்டியிருந்தது. கையில் மருந்துப் பை. வரிசை நகரவில்லை. பின்னால் திரும்பி என்னைப் பார்த்து, "பறக்கிறது அரை மணித்தியாலந்தான் தம்பி, நிண்டு நிண்டுதான் கால் உளையுது" என்றார். பொறியியல் புத்தகம் எதுவும் இந்தத் தடத்தைப் பற்றி இதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது. நான் இன்று கணக்குப் போட்டுக் காட்டியதெல்லாம் அவர் சொன்னதற்கு விளக்கம்தான்.

உலகத்தில் இன்னொரு குட்டித் தடம் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் வடக்கே, ஆர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரண்டு தீவுகள். இரண்டின் ஓடுபாதைகளுக்கும் நடுவே 2.7 கிலோமீட்டர். 1967 முதல் லோகன் ஏர் அங்கே விமானம் விடுகிறது. அட்டவணையில் இரண்டு நிமிடம். காற்று சாதகமாக இருந்த ஒருநாள் 53 நொடியில் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அந்த விமானம் எட்டுப் பேர் உட்காரும் சின்ன விமானம். ஆசிரியர்கள் போகிறார்கள், நோயாளிகள் போகிறார்கள். அது ஒரே நாட்டுக்குள் ஓடுகிறது, நம்முடையது இரண்டு நாடுகளுக்கு நடுவே ஓடுகிறது என்ற வேறுபாடு எனக்குத் தெரியும். ஆனால் அங்கே இரண்டு நிமிடப் பயணத்தைச் சுற்றி மூன்று மணி நேரக் காத்திருப்பைக் கட்டி வைக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு கருத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பலாலிக்குப் பெரிய ஜெட் விமானம் வர வேண்டும், ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்று அடிக்கடி கேட்கிறோம். திருச்சித் தடத்தைப் பொறுத்தவரை அது வேண்டாம். ஜெட் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் பத்தாயிரம் அடிக்குக் கீழே மணிக்கு 250 கடல்மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. இந்தத் தூரத்தில் அது முழு வேகத்தை எட்டுவதற்குள் இறங்க வேண்டியிருக்கும். என் கணக்கில் ஐந்து நிமிடம் மிச்சமாகும், அவ்வளவுதான். ஆனால் ஓடுபாதையை நீட்டினால் போவது காணி. முப்பது ஆண்டுக்கு மேல் தன் கிணற்றையும் மாமரத்தையும் பார்க்க முடியாமல் இருந்த குடும்பங்களின் காணி. ஐந்து நிமிடத்துக்காக அவர்களிடம் அதைக் கேட்க நமக்கு வாய் வரக் கூடாது. ஏடிஆர் முழுச் சுமையோடு எழும்ப 1,300 மீட்டர் அளவு போதும். அதற்கு அங்கே இப்போதே இடம் உண்டு.

ஒரு மணி நேரம் மிச்சமாகக்கூடிய இடம் தரையில் இருக்கிறது. எழுபத்தெட்டுப் பேர் ஏறுகிற விமானத்துக்கு மூன்று மணி முன்னதாகக் கூட்டம் கூட வேண்டியதில்லை. குடிவரவில் இரண்டு மேசை கூடுதலாகத் திறந்தால் அந்த எழுபத்தெட்டுப் பேரையும் அரை மணிக்குள் அனுப்பிவிடலாம். திருச்சியில் 2024இல் திறந்த புதிய முனையத்தில் அதற்கு இடப்பற்றாக்குறை இல்லை. பலாலியில் விமானம் இறங்கும் நேரத்துக்கு வாசலில் யாழ் நகரத்துக்கு ஒரு பேருந்து நிற்கலாம். வரும்போது இறக்கிவிட்ட பேருந்தே போகிறவர்களையும் கூட்டிவரலாம். இதற்கெல்லாம் கோடிகள் வேண்டாம். கட்டணம் பற்றியும் ஒரு வார்த்தை: விமானம் அதிகமாக எரிபொருள் குடிப்பது ஏறும்போதுதான். இறங்கும் கட்டணம் 184 கிலோமீட்டர் பறந்தாலும் 1,800 கிலோமீட்டர் பறந்தாலும் ஒன்றுதான். அதனால் தூரம் குறைந்த அளவுக்குச் சீட்டு விலை குறைவதில்லை. குறைக்க வேண்டுமானால் இரண்டு அரசுகளும் தங்கள் வரியில் கை வைக்க வேண்டும். நிறுவனத்தை மட்டும் திட்டிப் பயனில்லை.

கடைசியாக ஒரு கோரிக்கை. நாளுக்கு ஒரு விமானம் என்றுதான் இந்தத் தடம் தொடங்கியது. ஒரே விமானம், போய் இறங்கி, ஆள் மாற்றிக்கொண்டு அதே கையோடு திரும்பிவிடும். அப்படியானால் இங்கிருந்து போகிறவர் அன்றே திரும்ப வழியில்லை. இரவு தங்கித்தான் ஆக வேண்டும். காலை ஏழு மணிக்கு ஒன்று, மாலை ஐந்து மணிக்கு ஒன்று என்று இரண்டு விமானம் விட்டுப் பாருங்கள். காலையில் போனவர் எட்டு மணிக்குப் பலாலியில் இறங்கி, ஒன்பதரைக்கெல்லாம் யாழ்ப்பாணத்து நல்லூரில் இருப்பார். முகூர்த்தம் பார்த்து, பந்தியில் சாப்பிட்டு, மூன்று மணிக்குக் கிளம்பினால் மாலை விமானம் அங்கிருந்து திரும்புகிற வேளைக்கு வந்துவிடலாம். இரவுச் சாப்பாடு திருச்சியில். அங்கிருந்து கண் காட்ட வருகிறவர்களுக்கும் ஒரே நாளில் வேலை முடியும். இந்த மண்டபத்தில் வணிகர் சங்கத்தார் இருக்கிறீர்கள், மருத்துவர்கள் இருக்கிறீர்கள். மனு எழுதும்போது ஓடுபாதை நீளத்தைக் கேட்காதீர்கள். காலை விமானத்தைக் கேளுங்கள், இரண்டு மேசையைக் கேளுங்கள், ஒரு பேருந்தைக் கேளுங்கள். முதல் கையெழுத்தை நான் போடுகிறேன்.